கெமர் எண்களும் கல்லில் நின்ற சுழியமும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்த மரபு நம்முடையது. எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்த அளவுக்கு எண்ணின் வரலாற்றை நாம் ஆராய்ந்தோமா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூற வேண்டியுள்ளது. எழுத்துக்குக் காப்பியமும் இலக்கணமும் காவல் நின்றன. எண்ணுக்குக் கடைக்காரரும் கணக்கரும் மட்டுமே காவல் நின்றனர். ஆயினும் ஓர் இனத்தின் பழமையையும், அது யார் யாருடன் கலந்து பழகியது என்பதையும், அதன் எண்ணுப்பெயர்கள் காட்டுமளவுக்கு வேறு எவையும் காட்டுவதில்லை. இவ்வுண்மைக்குக் கம்போடிய நாட்டின் கெமர் எண்கள் நல்லதொரு சான்றாகும்.

கம்போடியா என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அங்கோர் வாட் கோயிலும், 'வர்மன்' என முடியும் அரசர் பெயர்களும், பந்தே சிரே கோயிலில் ஆடும் இறைவன் அருகே அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் உருவமும் ஆகும். அந்நாட்டின் எண்களைப் பற்றி நாம் பேசுவது அரிது. உலகக் கணித வரலாற்றில் கம்போடியாவுக்குத் தனியிடம் தேடித் தந்ததோ அவ்வெண்களுள் ஒன்றே.

ஐந்தில் தொடங்கும் எண்

கெமர் மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை 'முவோய், பீ, பெய், புவோன், ப்ராம்' என்று எண்ணுவர். ஆறுக்கு அம்மொழியில் தனிப்பெயர் இல்லை. 'ப்ராம்-முவோய்', அதாவது 'ஐந்து ஒன்று' என்பதே ஆறு. ஏழு 'ஐந்து இரண்டு'. எட்டு 'ஐந்து மூன்று'. ஒன்பது 'ஐந்து நான்கு'. பத்துக்கு மட்டும் 'டப்' என்னும் தனிச்சொல் உண்டு. ஒரு கையின் விரல்களை எண்ணி முடித்து மறுகைக்குச் செல்லும் மனிதனை இவ்வெண்ணுமுறையில் இன்றும் காண்கிறோம்.

இருபதுக்குப் பழங்கெமர் மொழியில் 'பை' என்று பெயர். இருபதை இருபதால் பெருக்கக் கிடைக்கும் நானூற்றுக்கு 'ஸ்லிக்' என்று பெயர். ஆகவே பண்டைக் கெமர் மக்கள் ஐந்தையும் பத்தையும் இருபதையும் அடியாகக் கொண்டு எண்ணினர் என்பது தெளிவு. நூற்றுக்கு அவர்களிடம் சொந்தச் சொல் இல்லை. வடமொழியின் 'சத' என்பதைக் கடன் பெற்றனர். இதில் வியப்பில்லை, இருபது இருபதாக எண்ணிச் செல்பவர்க்கு நூறு ஒரு தங்குமிடம் அன்று.

'ஸ்லிக்' என்னும் சொல்லுக்கு அம்மொழியில் இலை என்னும் பொருளும் உண்டு. காய், கனி முதலியவற்றை எண்ணுவதற்கு நான்கு, நாற்பது, நானூறு என்னும் தனி அளவுப் பெயர்கள் அங்கே வழங்கி வந்துள்ளன. வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்கிப் பழகிய நமக்கு இவ்வழக்கம் அயலானதாகத் தோன்றாது.

தமிழோடு சற்றே ஒப்பிட்டுக் காண்போம். நம் மொழியில் ஒன்று முதல் எட்டு வரை தனிப்பெயர்கள் உள்ளன. ஒன்பது என்பதோ பத்தைச் சார்ந்து பிறந்த பெயராகத் தோன்றுகிறது. அதற்குரிய பழஞ்சொல்லாகிய 'தொண்டு' வழக்கிழந்து போயிற்று. கெமர் மொழி ஐந்தோடு கூட்டிச் சென்றது. தமிழ் பத்தை நோக்கிக் குறைத்துச் சென்றது. மனித மனம் ஒன்றே எனினும் அது நடந்த வழிகள் பல.

வடிவம் தந்து பெயர் வாங்கியோர்

இன்றைய கெமர் மொழியில் முப்பது முதல் தொண்ணூறு வரையுள்ள பெயர்கள் அவர்களுடையவை அல்ல. 'சாம்செப், சேசெப், ஹாசெப்' எனத் தொடரும் இப்பெயர்கள் அண்டை நாடாகிய தாய்லாந்தின் மொழியிலிருந்து வந்தவை. தாய் மொழியிலோ இவை சீனத் தொடர்பால் அமைந்தவை. நூறு, ஆயிரம், பதினாயிரம், இலட்சம் ஆகியவற்றின் பெயர்களும் தாய் மொழி வழியே வந்தன. அதற்கும் மேலே 'கோட்' என்று ஒரு சொல் உண்டு. அது வேறன்று, நம் கோடியே. சுழியத்தின் பெயராகிய 'சோன்' வடமொழிச் 'சூன்ய'த்தின் திரிபு.

அங்கோர் பேரரசு 15ஆம் நூற்றாண்டில் தளர்ந்து, அயுத்தயா அரசு ஓங்கிய பின்னர் இரு நாட்டுக்கும் இடையே போரும் வணிகமும் இடையறாது நிகழ்ந்தன. சந்தையில் செல்வாக்குப் பெற்றவனின் மொழி பெரிய எண்களில் புகுந்தது. வீட்டில் குழந்தை விரல்விட்டு எண்ணும் சிறிய எண்களில் தாய்மொழியே நிலைத்தது. வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதனை விளக்கிக் கூறவும் வேண்டுமோ! கடைத்தெருவில் வேற்றுமொழியில் விலை பேசித் திரும்பும் நாம், வீட்டுக்கு வந்து மீதிச் சில்லறையை எண்ணும்பொழுது நம்மை அறியாமலே 'ஒன்று, இரண்டு' என்றுதானே தொடங்குகிறோம்!

தாய் மக்களிடமிருந்து எண்ணுப்பெயர்களைப் பெற்ற கெமர் மக்கள், அதற்கு முன்னரே அவர்களுக்கு எண்ணின் வரிவடிவங்களைத் தந்திருந்தனர். தாய், லாவோ மொழிகளின் எண்வடிவங்கள் கெமர் வடிவங்களிலிருந்து கிளைத்தவையே. வடிவம் தந்தவர் பெயர் வாங்கினர். பெயர் தந்தவர் வடிவம் வாங்கினர். கொடுத்தலும் கொள்ளலும் இன்றித் தனித்து வளர்ந்த பண்பாடு உலகில் இல்லை.

பல்லவர் எழுத்தும் கெமர் எண்ணும்

கெமர் எழுத்து, தென்னிந்தியாவின் பல்லவ எழுத்திலிருந்து தோன்றியது என்பது அறிஞர் முடிவு. அவ்வெழுத்தோடு எண்வடிவங்களும் கடல் கடந்து சென்றன. காலம் குறித்த கெமர் மொழிக் கல்வெட்டுகளுள் மிகப் பழையது அங்கோர் போரே என்னும் ஊரில் கிடைத்த கி.பி. 611ஆம் ஆண்டுக் கல்வெட்டாகும். காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்ட காலத்தை ஒட்டியது இது.

அக்காலக் கெமர்க் கல்வெட்டுகளில் இருவகை எண்முறைகளைக் காண்கிறோம். கோயிலுக்கு அளித்த பொருள்களை எண்ணும் அன்றாடக் கணக்கில் பத்துக்கும் இருபதுக்கும் தனிக் குறியிட்டு, அவற்றைக் கூட்டி எழுதும் உள்ளூர் முறை வழங்கியது. சக ஆண்டைக் குறிக்கும்பொழுது, இடத்தால் மதிப்புப் பெறும் முறை வழங்கியது. வடமொழிச் செய்யுட்களில் சொற்களே எண்களாக நிற்பதும் உண்டு. அம்பு என்றால் ஐந்து, சுவை என்றால் ஆறு, வான் என்றால் சுழியம். ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி 'அம்பு, வான், சுவை' என்று அடுக்கினால் 605 என்று கொள்ளவேண்டும்.

இச்சொல்லெண் முறையின் பழஞ்சான்றுகளுள் ஒன்று தமிழ் மண்ணைச் சேர்ந்தது. 'லோகவிபாகம்' என்னும் சமண நூல், காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டாகிய சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதப்பெற்றதாக அந்நூலே கூறுகிறது. அவ்வூரை நம் திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர் கருதுவர். மூலநூல் பிராகிருதத்தில் அமைந்தது. இன்று கிடைப்பது பிற்கால வடமொழி ஆக்கமே. எனினும் பல்லவ நாட்டில் இடமதிப்பு முறை அறியப்பட்டிருந்தது என்பதற்கு அந்நூல் சான்றாகிறது.

அறுநூற்றைந்தின் நடுவே ஒரு புள்ளி

கம்போடியாவின் வடகிழக்கில், மீகாங் ஆற்றங்கரையில் உள்ள சம்போர் என்னும் இடத்தில் 1891ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. பழங்கெமர் மொழியில் அமைந்த அக்கல்வெட்டில், சக ஆண்டு 605, தேய்பிறை ஐந்தாம் நாள் என்று காலம் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 683 ஆகும். ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு புள்ளி உள்ளது. அப்புள்ளியே சுழியம்.

இதன் சிறப்பை உலகுக்கு எடுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ். இடமதிப்பு எண்முறை இந்தியாவில் 9ஆம் நூற்றாண்டுக்கு முன் இல்லை என்றும், அதற்கு முற்பட்டனவாகக் காட்டப்படும் செப்பேடுகள் ஐயத்திற்குரியன என்றும் ஜி. ஆர். கே என்னும் ஆங்கில அறிஞர் வாதிட்டு வந்தார். சுழியம் தெளிவாக உள்ள குவாலியர் கல்வெட்டு கி.பி. 876ஆம் ஆண்டினது ஆதலால் அவ்வாதம் பலருக்கு வலுவுடையதாகத் தோன்றியது. செதேஸ் 1931இல் எழுதிய கட்டுரையில் சம்போர் கல்லையும், சுமத்திராத் தீவின் கல்வெட்டுகளையும் முன்வைத்து அவ்வாதத்தைத் தகர்த்தார். இந்தியப் பண்பாடு பரவிய கடல் கடந்த நாடுகளில் 7ஆம் நூற்றாண்டிலேயே சுழியம் வழங்கியதென்றால், தாயகத்தில் அதற்கு முன்னரே அது அறியப்பட்டிருக்க வேண்டுமன்றோ? நம் வழக்குக்கு அயல்நாட்டுக் கல் சாட்சி சொல்லிற்று.

பக்சாலிச் சுவடியின் சில ஏடுகள் இன்னும் பழையன என்று 2017இல் ஆக்ஸ்போர்டிலிருந்து அறிவிப்பு வந்தது. அக்கால முடிவை ஏற்காத அறிஞரும் உளர். தன் காலத்தைத் தானே கூறி நிற்பது சம்போர் கல்லின் தனிச்சிறப்பு.

தொலைந்ததும் மீண்டதும்

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் கம்போடியா பட்ட துயரம் உலகறிந்தது. ஏறத்தாழ 15 முதல் 20 இலட்சம் மக்கள் மாண்டனர். நாணயம் ஒழிக்கப்பட்டது, நடுவண் வங்கிக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. துவோல் ஸ்லெங் சிறையில் அடைக்கப்பட்டவர்களின் நெஞ்சில் எண்ணைப் பொருத்திப் படம் எடுத்தனர். அவ்வாட்சியைப் பற்றி 1977இல் வெளிவந்த பிரெஞ்சு நூலொன்று 'சுழிய ஆண்டு' என்றே பெயர் பெற்றது. அறிவின் அடையாளமாகச் சுழியத்தைக் கல்லில் நிறுத்திய நாட்டில், அழிவின் அடையாளமாக அதே சொல் வழங்கியது வரலாற்றின் கொடுமை.

அந்நாளைய குழப்பத்தில் சம்போர் கல்லும் இருக்குமிடம் தெரியாமற் போயிற்று. கணித வரலாற்று எழுத்தாளர் அமீர் அக்ஸெல் பல ஆண்டுகள் தேடி, 2013இல் சியம் ரீப் நகரின் அங்கோர் பாதுகாப்பகத்தில், சிதைந்த சிற்பங்களுக்கிடையே அதனைக் கண்டறிந்தார். இன்று அது புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1980இல் மீண்டும் புழக்கத்துக்கு வந்த 'ரியல்' நாணயத்தாள்களில் கெமர் எண்கள் இன்றும் விளங்குகின்றன.

நாம் கொள்ளவேண்டியது

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழர், 'எல்லாம் நம்மிடமிருந்து சென்றவையே' என்று மார்தட்டிக் கொள்ள விரும்புவது இயல்பு. எழுத்தும் எண்வடிவமும் தென்னாட்டிலிருந்து சென்றன என்பது உண்மை. 'ப்ராம்-முவோய்' என்று எண்ணும் முறை அவர்களுக்கே உரியது என்பதும் உண்மை. மற்றோர் உண்மையையும் மறைத்தல் தகாது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இட்டு எழுதிய நம் கணக்கர்கள், நெடுங்காலம் சுழியமின்றியே தமிழ் எண்களை எழுதி வந்தனர். 1825இல் வெளிவந்த 'கணித தீபிகை' போன்ற அச்சு நூல்களின் வழியாகவே தமிழ் எண்வரிசையில் சுழியம் இடம்பெறலாயிற்று. மீகாங் கரையில் 683இல் பொறித்த புள்ளி, காவிரிக் கரைக் கணக்கேட்டுக்கு வந்து சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று!

தனித்து நின்றால் சுழியத்துக்கு மதிப்பில்லை. மற்றோர் எண்ணின் பக்கத்தில் நிற்கும்பொழுது அது தானும் மதிப்புற்று, அவ்வெண்ணையும் உயர்த்துகிறது. பிற மொழியினரிடையே வாழும் நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்ணுப்பெயர்களை மறவாது கற்பிப்போம். அவற்றோடு, கம்போடியக் குழந்தை ஐந்தின்மேல் ஒன்றைக் கூட்டி ஆறு என்று சொல்லும் அழகையும் எடுத்துச் சொல்வோம். தம் எண்ணை அறிந்து பிறர் எண்ணையும் மதிக்கும் பிள்ளைகளே நம் மரபுக்கு உண்மையான காவலராவர்.