குழாயடியும் உரையாடும் பொறியும்

ஜொகூரின் அண்மைக்கால வரலாற்றை ஆராயப் புகுவார், நீரிலிருந்து தொடங்குதல் தகும். 1927-இல் சுல்தான் இப்ராகிம் காலத்தில் சிங்கப்பூர் நகராண்மையோடு ஏற்பட்ட உடன்பாடு, பூலாய் மலை நீரைத் தீவுக்குக் கொண்டுசெல்ல வழிசெய்தது. 1942 சனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது அதன்வழிச் சென்ற குழாயும் உடைந்தது. பின்னர் 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் நீரை 2061 வரை எடுக்க இடந்தந்தது. விலையோ ஆயிரம் காலனுக்கு 3 காசு!

அண்டை நாட்டுக்கே நீர் வழங்கும் இம்மாநிலத்தில், 2015-இல் அணைகளின் நீர்மட்டம் தாழவே, மாசாய், பாசிர் கூடாங் முதலிய இடங்களில் நீர் பங்கீடு நடந்தது. வாளியிலும் பீப்பாயிலும் நீர் பிடித்து வைத்த குடும்பங்களுக்கு வறண்ட குழாயே சிக்கனத்தைக் கற்பித்தது.

இன்று அவ்வாசிரியப் பணியை உரையாடும் கணிப்பொறி ஏற்க வல்லதா? 1966-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் உரையாடு நிரலை வெளியிட்டார். அது பொருளுணராது சொற்களைத் திருப்பிக் கேட்கும் எளிய ஆக்கமே. எனினும் அஃது உருவானதை உடனிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு தனித்துப் பேசவேண்டி அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம். இதனை வைசன்பாம் 1976-இல் தம் நூலில் கவலையோடு குறித்துள்ளார். 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தபின் இக்கவலை பெருகியது. அத்தகைய பொறியோடு வாதிட்டோரிடம் சதிக்கதை நம்பிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகவும், இரு திங்கள் கழித்தும் அம்மாற்றம் நிலைத்ததாகவும் 2024-இல் ‘சயன்ஸ்’ இதழ் ஆய்வொன்று காட்டிற்று. எனவே பொறியின் சொல்லுக்கு ஆற்றலுண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருத்து மாறுதல் வேறு, கைப்பழக்கம் மாறுதல் வேறு. குழாயை மூடவேண்டும் என்பதை அறியாதவர் யார்? அறிந்தும் மூடாதவரே பலர்!

இதில் மற்றொரு முரணும் உண்டு. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைக்கவே, கூலாய், செடெனாக் பக்கங்களில் அவை பெருகலாயின. நீரைச் சேமிக்கச் சொல்லும் பொறிகள் இத்தகைய மையங்களில்தாம் இயங்குகின்றன. அவற்றின் வெப்பத்தைத் தணிக்கவும் நீர் வேண்டும். மிகுநீர் கொள்ளும் வகை மையங்களுக்கு இனி இசைவு இல்லை என்று 2025 நவம்பரில் ஜொகூர் அரசு அறிவித்தது. கழிவுநீரைத் தூய்மை செய்து அம்மையங்களுக்கு அளிக்கும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. நீர்ச் சிக்கனம் பற்றிக் கேட்ட கேள்விக்கு வந்த விடை எவ்வூர் மையத்தில் உருவாயிற்று, அதற்கு எவ்வாற்று நீர் செலவாயிற்று என்பது மட்டும் கேட்டவருக்குத் தெரிவதில்லை.