செப்டம்பர் ஜோசியம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஏறக்குறைய நூறு வருஷம் இதை நம்பித்தான் ஓட்டுக் கணக்குப் போட்டார்கள். அவர்கள் நசுக்கிப் பார்த்த பருக்கையின் பெயர், மெய்ன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டி இருக்கிற சின்ன மாநிலம். அங்கே ஒரு விசேஷம். ஜனாதிபதி தேர்தல் நவம்பரில்தான். ஆனால் மெய்ன்காரர்கள் தங்கள் கவர்னர் தேர்தலை செப்டம்பரிலேயே முடித்துவிடுவார்கள். 1840-ல் அங்கே விக் கட்சியின் எட்வர்ட் கென்ட் முந்தினார். நவம்பரில் அதே கட்சியின் ஹாரிசன் ஜனாதிபதி ஆனார். போதாதா? மெய்ன் போகிற பக்கம்தான் தேசமும் போகும் என்று பேச்சாகிவிட்டது.

1932-ல் நடந்ததுதான் வேடிக்கை. செப்டம்பரில் மெய்ன் ஜனநாயகக் கட்சிக்காரரைக் கவர்னர் ஆக்கியது. நவம்பரில் தேசமும் அதே கட்சியின் ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தெடுத்தது. ஜோசியம் பலித்துவிட்டது அல்லவா? ஆனால் அந்த நவம்பரில் மெய்ன் குடியரசுக் கட்சியின் ஹூவருக்கு ஓட்டுப் போட்டிருந்தது!

யாரும் உஷாராகவில்லை. 1936 செப்டம்பரில் மெய்னில் குடியரசுக் கட்சி ஜெயித்ததும், அதன் வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் முகாமில் ஒரே குஷி. போதாக்குறைக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை வேறு. சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டு அனுப்பி, திரும்பி வந்த சுமார் 23 லட்சத்தை எண்ணி, லாண்டனுக்கு 57 சதவீதம் என்று அறிவித்தது. முந்தைய தேர்தல்களில் சரியாகச் சொன்ன பத்திரிகையாச்சே, நம்பாமல் இருப்பார்களா?

நவம்பரில் என்ன ஆச்சு? 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு. லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு: மெய்ன், வெர்மான்ட். 'மெய்ன் போகிற பக்கம் வெர்மான்ட் போகும்' என்று கிண்டலடித்தார், ரூஸ்வெல்ட்டின் பிரசாரத் தளபதி ஜேம்ஸ் ஃபார்லி.

கோளாறு எங்கே? 1856 முதல் 1932 வரை நடந்த 20 ஜனாதிபதி தேர்தல்களில் 19 முறை மெய்ன் ஓட்டுப் போட்டது குடியரசுக் கட்சிக்குத்தான். ஒரே சீட்டை எடுக்கிற கிளி. அந்தக் கட்சி தேசத்தில் ஜெயித்தபோதெல்லாம் கிளிக்குப் பேர் கிடைத்தது, அவ்வளவுதான்.

பத்திரிகை சறுக்கியது வேறு விதமாக. டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் பெயர் பொறுக்கினார்கள். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை இழந்து நின்றவன் வீட்டில் ஏது டெலிபோன், ஏது கார்? சீட்டு கிடைத்தவர்களிலும் ரூஸ்வெல்ட் மீது கடுப்பில் இருந்தவர்கள்தான் அக்கறையாகத் தபாலில் சேர்த்தார்கள். ஜார்ஜ் கேலப் என்பவர் இதைவிடப் பல மடங்கு குறைவான பேரைக் கேட்டார். ஆனால் எல்லாத் தரப்பிலும் கேட்டார். ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார்.

1938-ல் டைஜஸ்ட்டை மூடிவிட்டார்கள். மெய்னில் செப்டம்பர் தேர்தல் 1958-உடன் முடிந்தது.

பழமொழியில் தப்பில்லை. பதம் பார்க்கிற சோறு அதே பானையில் வெந்ததாக இருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது கருத்துக்கணிப்போடு வந்தால், எத்தனை லட்சம் பேரைக் கேட்டீர்கள் என்று வாயைப் பிளக்காதீர்கள். யாரையெல்லாம் கேட்கவில்லை என்று கேளுங்கள்.