ரிச்சி தெருவுக்குப் போன சீட்டுப் பணம்: அசெம்பிள்டு கணினியின் கதை

ரொம்ப நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். 60,000 ரூபாய்க்குள் கேம் விளையாடுகிற மாதிரி ஒரு கணினியை நானே அசெம்பிள் செய்ய முடியுமா? பணம் அம்மா சீட்டுக் கட்டி எடுத்தது. அதனால் தப்பாக எதையாவது வாங்கிவிட்டு "சரி, போகட்டும்" என்று சொல்ல முடியாது.

நான் போட்ட பட்டியலில் முதலில் கிராபிக்ஸ் கார்டு, அப்புறம் பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. கடைசியில், மிச்சம் இருக்கிற காசில் ஒரு கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்-ஸும். அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. கணினி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எது போனா மத்ததையும் சேத்து இழுத்துட்டுப் போகும்பா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக் கொள்ளுங்கள் :-)

பாகம் பாகமாக வாங்க முடிந்தது எப்படி?

நாம் டிவியையோ ஃபிரிட்ஜையோ பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதில்லை. கணினியை மட்டும் ஏன் அப்படி வாங்குகிறோம்? இதற்குக் காரணம் ஒரு அவசரம்!

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டது. சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்பதற்காக, வழக்கம்போல எல்லாவற்றையும் தானே செய்யாமல் வெளியில் கிடைத்த பாகங்களை வைத்தே செய்தார்கள். பிராசசர் இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். சர்க்யூட் படங்களையும் புத்தகமாகவே போட்டு விற்றார்கள். யார் வேண்டுமானாலும் கார்டு செய்து செருகலாம் என்ற நிலை. பூட்டி வைத்திருந்தது பயாஸ் என்ற சின்ன மென்பொருளை மட்டும்தான். அதையும் காம்பாக் நிறுவனம் காப்பி அடிக்காமல் புதிதாகவே எழுதி, 1982-ல் ஐ.பி.எம். பி.சி.க்கு ஒத்துப்போகும் கணினியை அறிவித்துவிட்டது. பிறகு ஃபீனிக்ஸ் நிறுவனம் அதே மாதிரி ஒரு பயாஸை எழுதி எல்லோருக்கும் விற்க ஆரம்பித்தது. தைவான் முழுக்க மதர்போர்டு கம்பெனிகள் முளைத்தன.

1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவை வெளியிட்டது. திருகு எங்கே வர வேண்டும், மின்சார பின் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிவானது. 30 வருடம் தாண்டியும் அந்தத் திருகு ஓட்டைகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. நான் வாங்குகிற கேபினெட்டில் இன்னொருவர் செய்த போர்டு பொருந்துகிறது என்றால், அதற்கு இதுதான் காரணம்.

சரி, அது திருவள்ளூர் பக்கம் வந்தது எப்படி?

ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. அன்னிய நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது கணினியோ அதன் பாகமோ இறக்குமதி செய்ய லைசென்ஸ், கூடவே கடுமையான வரி. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. கதவு கொஞ்சம் திறந்தது. 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தில் இன்னும் திறந்தது. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி கணினிப் பொருட்களின் சுங்க வரி படிப்படியாக இறங்கி 2005-ல் பூஜ்யத்துக்கு வந்தது.

கவனியுங்கள், அதே 1997-ல்தான் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்து நம் திருவள்ளூர் மாவட்டத்தையும் உருவாக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நம் மாவட்டத்தின் வயதும் வரி குறைந்த கணினிப் பாகத்தின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று!

வரி குறைந்ததன் பலன் இறங்கிய இடம் ரிச்சி தெரு. கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டி சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குவோம். 1985-ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். முதலில் ரேடியோ பாகங்கள், பிறகு டிவி பாகங்கள், அதன்பிறகு கணினிப் பாகங்கள் என்று அந்தத் தெருவே காலத்துக்கு ஏற்ப சரக்கை மாற்றிக்கொண்டு வந்தது. "பிராண்டட்" வாங்க முடியாத குடும்பங்களுக்கும், ஊர் ஊராகத் திறந்த பிரவுசிங் சென்டர்களுக்கும் "அசெம்பிள்டு" சிஸ்டம் அங்கிருந்துதான் போனது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் நம் மாவட்டத்துக் காக்களூரில்தான். எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். ஆனால் மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டை மாற்ற முடியாதே. அங்கேதான் நம் பிரச்சினை ஆரம்பம்.

கேமும் கார்டும்

1996-ல் 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அது முப்பரிமாணப் படத்தை மட்டும்தான் வரையும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டும் வேண்டும்! 1999-ல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256 கார்டை ஜி.பி.யு. என்ற பெயரில் விற்றது. அடுத்த ஆண்டே 3டி.எஃப்.எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொண்டது. இன்னொரு பெரிய நிறுவனமான ஏ.டி.ஐ.யை 2006-ல் ஏ.எம்.டி. வாங்கியது. கடைக்காரர் "என்விடியாவா, ஏ.எம்.டி.யா?" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வி பிறந்தது இப்படித்தான்.

அந்தக் கார்டு 2021-ல் கேம் ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்குக் கார்டு தேவையில்லை என்று ஆனபிறகுதான் மூச்சு வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால், 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஆக, எது எப்போது விலை ஏறும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் நான் பழைய டி.டி.ஆர்.4 ராம் போடுகிற ஏ.எம்.4 சாக்கெட்டையே எடுத்தேன். நண்பன் ஒருவன் தன் பழைய சிஸ்டத்திலிருந்து 16 ஜி.பி. ராம் கொடுத்தான். 2016-ல் வந்த சாக்கெட்டில் 2022-ல் வந்த ரைசன் 5 5600 உட்காருகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

பொன்னேரியில் இருக்கும் பெரியப்பா மகன் 2019-ல் ஒரு சிஸ்டம் போட்டான். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்.எம்.பி.எஸ். மேலே "500" என்று ஸ்டிக்கர். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. "பட்" என்று ஒரு சத்தம், கருகிய வாடை. மதர்போர்டு போச்சு, ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. டிஸ்க்கில் அவனுடைய கடைசி வருட ப்ராஜெக்ட். அண்ணன் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தது. 12 x 16 = 192 வாட். அப்போ 500 எங்கே?

இங்கேயும் ஒரு வரலாறு இருக்கிறது. 1990-களின் கணினிகள் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட்டில் ஓடின. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்று தனி 12 வோல்ட் பின் வந்தது. பிறகு கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டுக்கே மாறிக்கொண்டது. ஆகவே இன்றைய கணினிக்கு முக்கியம் 12 வோல்ட் வரி மட்டும்தான். மற்ற வரிகளையெல்லாம் கூட்டி எழுதிய எண்ணால் பயன் இல்லை.

என் கணக்கைப் பாருங்கள். ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். பிராசசருக்கு அதிகபட்சம் 76. மற்றதெல்லாம் சேர்த்து 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 258. அதை 12-ஆல் வகுத்தால் 21.5 ஆம்பியர். அந்த 16 ஆம்பியர் பெட்டியில் என் சிஸ்டத்தைப் பூட்டியிருந்தால் முதல் நாளே கதை முடிந்திருக்கும்!

இத்தனைக்கும் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் டியூப் லைட் கண்ணடிக்கும். இந்த ஊரில் எஸ்.எம்.பி.எஸ். கடைசி வரியில் வர வேண்டிய பொருளா? பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். முதல் வரி, 80 பிளஸ் சான்று உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (2004-ல் தொடங்கிய சான்று அது. வாங்குகிற மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதமாவது கணினிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி.) இரண்டாவது வரி, ஒரு யு.பி.எஸ். மூன்றாவதாகத்தான் கார்டு. அதற்காக எஸ்.எஸ்.டி.யை 1 டி.பி.யிலிருந்து 500 ஜி.பி.யாகக் குறைத்தேன். வண்ண விளக்கு ஃபேன்களையும் விட்டுவிட்டேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு அப்பாவும் வந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினோம். வாரன்ட்டிக்கு அந்தத் தாள்தான் ஆதாரம், மறந்துவிடாதீர்கள். திரும்பி வரும் ரயிலில் அப்பா கிராபிக்ஸ் கார்டு பெட்டியைத் தொடவே இல்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு, அந்த அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எவ்வளவு என்று தேடிக்கொண்டிருந்தார். 45 ஆம்பியர்.

"மில்லுல மோட்டாருக்கும் இப்படித்தான்பா, தகட்டைப் படிச்சுட்டுத்தான் கனெக்‌ஷன் குடுப்பாங்க" என்றார்.

சிஸ்டம் முதல் அழுத்திலேயே ஆன் ஆனது. முதல் கேமை அண்ணனைக் கூப்பிட்டு ஆட வைத்தேன். நீங்களும் முதல் சிஸ்டம் போடுவதாக இருந்தால், பட்டியலை ஒரு முறை கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். மீண்டும் சந்திப்போம்!