சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா

எங்கள் ஓசூர்ப் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்றை மகனுக்கும் பேரனுக்கும் கைமாற்றும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ராஜாஜி வீட்டையே பாருங்கள். தகப்பனார் சக்கரவர்த்தி ஐயங்கார், அந்த ஊர் முன்சீப். அவர் மகன்தான் சி. ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி. ராஜாஜியின் மகன் சி.ஆர். நரசிம்மன், கிருஷ்ணகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்தவர். மகள் லட்சுமி, தேவதாஸ் காந்தியை மணந்ததால் அவர் பிள்ளைகள் காந்தி. நான்கு தலைமுறைக்கும் பொதுவான கடைசிப் பெயர் எதுவும் இல்லை. நாடறிந்த குடும்பம், அதனால் உறவு எங்கும் விட்டுப்போகவில்லை. பஞ்சத்தில் கப்பலேறிய ஒரு முனியப்பாவின் வாரிசுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் பத்திர எழுத்தர். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிற தொழில். சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழும்பிய பிறகு, ராகி விதைத்த மேட்டு நிலத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கும் காலம் வந்தது. தாய்ப்பத்திரத்தைப் பிரித்தால் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதியிருக்கும். அதில் தாத்தா பெயர் முனியப்பா. பட்டாவில் முனியப்பன். ரேஷன் கார்டில் முனுசாமி. மூன்றும் ஒருவரே என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி, ‘முனியப்பா என்கிற முனியப்பன் என்கிற முனுசாமி’ என்று நாங்கள் எழுதுவோம். உள்ளூரிலேயே, கண்ணெதிரே இருக்கிற நிலத்துக்கே இந்தப் பாடு. கடல் தாண்டிப் போன பெயர் என்ன பாடு பட்டிருக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வேர் தேடி வருகிறவர்கள் தங்கள் கடைசிப் பெயரைத்தான் பெரிய ஆதாரமாக நம்பி வருகிறார்கள். நான் அதைக் கடைசியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். சேலம் ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்தச் சீமையை எப்படி உலுக்கியது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சாட்சி. 1871இல் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் இருந்த சேலம் ஜில்லா, 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. செத்தவர் போக, பிழைக்க வழி தேடி ஊரைவிட்டே போனவரும் பலர்.

அப்படிப் போன ஒருவர், கப்பலேறுமுன் கூலிகளைப் பதிவு செய்யும் சென்னை டிப்போவில் நிற்கிறார். சூளகிரிப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். குமாஸ்தா தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். டர்பனில் இறங்கியதும் இன்னொருவர் அதைப் பார்த்துத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் பெயர் கொஞ்சம் நகர்கிறது. தெலுங்குக்காரர் ‘முனியப்பா’ என்று சொன்னதை, தமிழ் பழகிய குமாஸ்தா கடைசியில் ஒரு ‘ன்’ சேர்த்து எழுதியிருப்பார். எங்கள் பட்டாவில் நடந்ததும் அதேதான்.

‘மு’ என்ற ஓர் எழுத்தை மட்டும் பாருங்கள். அன்றைய ஆங்கிலேயர் அதற்கு ‘எம்’ போட்டு இரண்டு ‘ஓ’ போட்டார்கள். பிற்காலத்தில் அது ‘யு’ ஆனது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரீயூனியனிலும் குவாதலூப்பிலும் ‘ஓ’வும் ‘யு’வும் சேர்த்து எழுதினார்கள். குவாதலூப்பின் அரசியல்வாதியும் எழுத்தாளருமான எர்னஸ்ட் முத்துசாமியின் பெயர் அப்படித்தான் எழுதப்படுகிறது. மொரீஷியஸில் உள்ள ஒரு முத்துசாமிக்கு அந்த இடத்தில் இரண்டு ‘ஓ’ இருக்கும். அகரவரிசையில் இருவரும் வெகுதூரம் தள்ளிப்போய்விடுவார்கள். எனவே ஓர் எழுத்துக்கூட்டில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுந்துவிடக் கூடாது.

ஊர்ப் பெயருக்கும் இதே கதை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் சீமை கும்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிர்வாகம் பார்த்த காலத்தில் கிருஷ்ணகிரியை ‘கிஸ்ட்னகெரி’ என்ற உச்சரிப்பில்தான் எழுதினார்கள். ஓசூர் அப்போது அவர்களிடம் இல்லை. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே வந்தது. 1870களில் வில்லியம் ஹண்டரின் எழுத்துமுறையை அரசு ஏற்றபோது ஊர்ப் பெயர்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. ஆள் பெயரை ஒழுங்குபடுத்த யாரும் வரவில்லை. ஆகவே ஊரைப் புது எழுத்திலும் ஆளைப் பழைய எழுத்திலும் வைத்திருக்கிற காகிதங்கள் கிடைத்தால் மிரள வேண்டாம்.

இன்னொரு குழப்பம் பட்டப்பெயர். ‘நாயுடு’ என்று முடிந்தால் ஆந்திரா என்று முடிவுகட்டி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தேடுகிறார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நாயுடுகளும் ரெட்டிகளும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தெலுங்குப் பெயரும் சேலம் ஜில்லாவும் ஒரே வரியில் வந்தால், முதலில் இந்த எல்லைப்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ‘கவுண்டர்’ என்பது ‘கோவெண்டர்’ ஆகிவிட்டது. அதை வைத்துக் கோயம்புத்தூருக்குப் போய் நிற்கிறவர்களும் உண்டு. எங்கள் பக்கம் வன்னியரும் கவுண்டர், குறும்பரும் கவுண்டர். பட்டத்தை வைத்துச் சாதியைச் சொல்ல முடியாது, ஊரையும் சொல்ல முடியாது.

மாறாமல் நிற்பது எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். மொரீஷியஸ் போனவர்களுடைய ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஜில்லா என்ற இடத்தில் ‘கிருஷ்ணகிரி’ என்று தேடினால் கிடைக்காது. 1965 அக்டோபர் 2இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது, 2004 பிப்ரவரி 9இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கப்பல் போன காலத்தில் எல்லாமே சேலம்.

கிராமத்தின் பெயர் புரியவில்லையென்றால் வாய்விட்டுப் படியுங்கள். கன்னடத்து ‘ஹள்ளி’ எங்கள் வாயில் ‘அள்ளி’. தர்மபுரிப் பக்கத்து மாரண்டஅள்ளி ஆங்கிலக் காகிதத்தில் ‘ஹள்ளி’ என்றே இருக்கும்.

ஊர் தெரிந்துவிட்டதா, அங்கே போய் உங்கள் கடைசிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. கப்பலேறியவரின் தகப்பன் பெயரைச் சொல்லுங்கள், போன வருஷத்தைச் சொல்லுங்கள், எந்தக் குலதெய்வம் என்று வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். குலதெய்வத்துக்கு வரி கட்டுகிற பங்காளிகளில் வயதான ஒருவர், இன்னார் மகன் ஒருவன் கப்பலுக்குப் போனான் என்று தன் பாட்டன் சொல்லக் கேட்டிருப்பார். அவர் சொல்லும் பெயரையும் காகிதத்தில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் ‘என்கிற’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.