தாராவி: ஒரு நகர்ப்புறச் சேரியின் குடிவரலாறும் மனை வாணிகமும்

முன்னுரை

சேரி என்னும் சொல் பழந்தமிழ் வழக்கில் பலர் சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளே தந்து நின்றது. பார்ப்பனர் வாழ்ந்த சேரியும் உண்டு. பரதவர் வாழ்ந்த சேரியும் உண்டு. சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலங்களின் உட்பிரிவுகளும் சேரி எனவே கல்வெட்டுகளிற் குறிக்கப்பெற்றன. காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் சுருங்கி, ஊர்க்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோர் உறைவிடம் என்ற அளவில் நின்றுவிட்டது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவதோர் இடம் மும்பை மாநகரத்துத் தாராவியாகும். பல மொழியினரும் பல சமயத்தினரும் பல தொழிலினரும் சேர்ந்து வாழ்வதால் அது பழைய பொருளிலும் சேரி; நகரத்தால் ஒதுக்கப்பட்டமையால் புதிய பொருளிலும் சேரி.

தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழர் பெருந்தொகையினராய் வாழும் ஊர்களுள் ஒன்றாதலின், தாராவியின் வரலாறு தமிழ் மக்கள் வரலாற்றின் ஒரு பகுதியுமாகும். அங்கு யார் யார் எக்காலத்து எக்காரணத்தாற் குடியேறினர் என்பதும், பட்டா இல்லாத நிலத்தில் வீடுகள் எவ்வாறு விற்கவும் வாங்கவும் பெற்றன என்பதும் ஈண்டு ஆராயப்பெறும். தாராவி திட்டமின்றித் தானே முளைத்த காளான் என்பாருளர். அக்கூற்றுப் பொருந்தாது. நகரத்தின் சட்டங்களும் திட்டங்களுமே அதனை ஆக்கின என்பதும், அங்கு விலை பெற்ற பொருள் மண் அன்று, 'இந்நாளில் இங்கிருந்தேன்' என்னும் சான்றே என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாம்.

நெய்தல் நிலமும் முதற் குடிகளும்

பம்பாய், ஏழு தீவுகளை இணைத்து ஆக்கப்பட்ட நகரம். அதன் வடவெல்லையில், மாகிம் கழிக்கரையில் அமைந்த மீனவர் ஊரே தாராவி. 1909-இல் வெளிவந்த பம்பாய் நகர்க் கெசட்டியர், தாராவியைக் கோலியர் என்னும் மீனவரின் பெருங்குடியிருப்புகள் ஆறனுள் ஒன்றாகக் குறிக்கின்றது. கழி மண்மேடிட்டுச் சதுப்பாக மாற, மீன்பிடி தொழில் நலிந்தது. 1845-இல் மாகிமையும் பாந்திராவையும் இணைத்த கரைவழியும், 1853-இல் தாணாவிற்குச் சென்ற இருப்புப்பாதையும் இப்பகுதியை நகரத்தின் வாயிலாக்கின. ஆயினும் அது வாயிலின் புறத்தேதான் நின்றது. நகரம் தன்னுள் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் அங்கே தள்ளப்பட்டன.

அவற்றுள் முதன்மையானது தோல் பதனிடுதல். பாந்திராவின் இறைச்சிக்கூடம் அணித்தே இருந்தமையால் பச்சைத்தோல் எளிதிற் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் கூடங்கள் இங்குத் தோன்றின. அவற்றை நடத்தியோருள் திருநெல்வேலிச் சீமை முசுலிம்கள் சிறப்பிடம் பெற்றனர். அவற்றில் உழைக்க அதே சீமையினின்றும் ஆதிதிராவிட மக்கள் வந்தனர். தென்னாட்டில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடும் தொழில் பழமையானது. அத்தொழிலறிவும், வானம் பார்த்த புன்செய்யின் வறுமையும், பிறந்த ஊரிற் பட்ட சாதிக் கொடுமையும் ஒருங்கு சேர்ந்தே அவர்களை இருப்புப்பாதை வழியே வடக்கே செலுத்தின எனலாம். 1887-இல் தோன்றிய பெரிய பள்ளிவாசலும், 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் தாராவியின் பழைய வழிபாட்டிடங்கள் எனப்படுகின்றன. இவ்விரண்டும் இவ்வூரின் வயதை அறிவிக்கும் சான்றுகளாம்.

நகரின் தென்பகுதியிலிருந்து அகற்றப்பட்ட சௌராட்டிரக் குயவர், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு நிலைபெற்றனர். அவர் உறைவிடம் கும்பார்வாடா எனப்படும். சூளைக்கும் மட்கலம் உலர்த்துவதற்கும் முற்றம் வேண்டுமாதலின், அப்பகுதி இன்றும் ஏனைய பகுதிகளினும் வேறுபட்ட அமைப்புடையது. பின்னர்க் கொங்கணம், சதாரா முதலிய மராத்திய நாட்டுப் பகுதிகளினின்றும், ஆந்திர கருநாடக நாடுகளினின்றும், உத்தரப்பிரதேசம் பீகார் ஆகியவற்றினின்றும் மக்கள் அடுத்தடுத்து வந்தனர். உத்தரப்பிரதேச முசுலிம்கள் தையலும் பூவேலையும் கொணர்ந்தனர். முன்வந்தோர் மேட்டுநிலத்தையும், பின்வந்தோர் சதுப்பையும் பெற்றனர். தாராவியின் தெருவமைப்பை நோக்குவார்க்கு, அகழ்வாய்வில் மண்ணடுக்குகள் காலமுறையைக் காட்டுதல் போலக் குடியேற்றத்தின் முறைவைப்புப் புலப்படும்.

ஒரு மொழியினர், இருவேறு மனைகள்

1896-இல் பம்பாயிற் கொள்ளைநோய் பரவியது. அதன் விளைவாக 1898-இல் நகரச் சீர்திருத்த நிறுவனம் ஒன்று அமைக்கப்பெற்றது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தலும், வடக்கே தாதர், மாதுங்கா, சயான் ஆகிய இடங்களிற் புதிய மனைகளை வகுத்தலும் அதன் பணிகள். இடிக்கப்பட்ட அறைகளுள் வாழ்ந்த ஏழை மக்களுள் பலர்க்குப் புதிய மனைகளில் இடமில்லை. அம்மனைகள் குத்தகைப் பத்திரத்துடன், வாடகை கொடுக்கவல்ல நடுத்தர மக்களுக்கு வாய்த்தன.

ஈண்டு ஓர் ஒப்புமை காணத்தகும். அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணிபுரிய வந்த தமிழர், பெரும்பாலும் பார்ப்பன வகுப்பினர், மாதுங்காவில் அம்மாடி வீடுகளிற் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தையும் நிறுவினர். அதற்கு நடந்து செல்லும் தொலைவில், இருப்புப்பாதையின் மறுபுறத்தே, தோற்கூடங்களைச் சூழ்ந்த குடிசைகளில் வேறு தமிழர் வாழ்ந்தனர். மொழி ஒன்று, வந்த வழி ஒன்று. ஆயின் ஒருசாரார் கையிற் பத்திரம் இருந்தது. மற்றொரு சாரார் காலடியில் சேறு இருந்தது. இவ்வேறுபாடு வருவாயால் மட்டும் விளைந்ததன்று. சாதியாலும், நிலத்தை யார்க்கு வகுப்பது என்று நகரம் செய்த முடிபாலும் விளைந்தது.

பட்டா இல்லா மனையின் விலை

தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கு உரியது. எஞ்சியது அரசு, இருப்புப்பாதைத் துறை, தனியார் ஆகியோர்க்கு உரியது. குடியிருப்போர்க்கு அதன்மீது பட்டா இல்லை. எனினும் அங்கு மனை வாணிகம் ஓயாது நடந்துவந்துள்ளது. இதன் காரணத்தை ஆராய்வாம்.

1947-ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாள் இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டு வாடகைக்கு வரம்பு கட்டியது. முன்னரே குடியிருந்தோர்க்கு அது பெரும் பாதுகாப்பு. ஆயின் வாடகைக்கு விடும் பொருட்டு வீடு கட்டுவோர் நாளடைவிற் குறைந்தனர். பழைய வீட்டிற் புகுவதற்குப் 'பகடி' என்னும் பெருந்தொகையைக் கைம்மாற்றாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தொகை இல்லாத புதியோர்க்குக் குடிசையன்றிப் புகலிடமில்லை. சதுப்பில் மண்ணும் குப்பையும் இட்டு மேடாக்கி, அவ்விடத்தைப் பகுத்து விற்ற உள்ளூர்த் தலைவர்களே அவர்கட்கு மனைவணிகர் ஆயினர். நிலம் அவர்களுடையதன்று, எனினும் நிலமாக்கிய உழைப்பு மக்களுடையது.

1971-இல் மகாராட்டிர அரசு குடிசைப் பகுதிச் சட்டம் இயற்றியது. 1976 சனவரி 4-ஆம் நாள் பம்பாய்க் குடிசைகள் அனைத்தும் எண்ணப்பட்டன. எண்ணப்பட்டோர்க்கு மக்கள் 'போட்டோ பாஸ்' என வழங்கும் நிழற்படச் சான்றட்டை அளிக்கப்பட்டது. அது நிலவுரிமை தருவதன்று. அகற்றப்பட்டால் மாற்றிடம் கேட்கும் தகுதியையே தருவது. ஆயினும் அன்றுதொட்டுக் குடிசையின் விலையில் ஒரு புதுக்கூறு புகுந்தது. ஒரு குடிசை கைமாறும்போது, விற்போன் சுவரையும் கூரையையும் மட்டும் கொடுப்பதில்லை. சான்றட்டை, பங்கீட்டு அட்டை, மின்கட்டணச் சீட்டு ஆகியவற்றையும், முத்திரைத்தாளில் எழுதிய உறுதிமொழியையும் சேர்த்தே கொடுக்கின்றான். இரு குடிசைகள் அளவாலும் அமைப்பாலும் ஒத்திருப்பினும், பழமையான சீட்டுடையது மிகுவிலை பெறும். எனவே விற்கப்படுவது இடம் எனினும், விலையை உயர்த்துவது காலம் என்பது தெளிவு.

வாடகைக் குடிகளின் நிலை வேறு. குடிசைக்காரர் மேல்தளம் எழுப்பி அதனை வாடகைக்கு விடுவர். தமிழ்நாட்டில் ஒத்தி என வழங்கும் முறையை ஒப்ப, பெருந்தொகையை முன்வைப்பாகக் கொடுத்து வாடகையின்றியோ குறைந்த வாடகைக்கோ இருத்தலும் உண்டு. மும்பையிற் பதினொரு திங்களுக்கு உடன்படிக்கை எழுதுதலே பெருவழக்கு. திங்கள் பதினொன்று முடிந்ததும் பலர் வேறிடம் பெயர்வர். இவ்வாறு பெயர்வோர் தாராவியில் இருபது ஆண்டு வாழ்ந்தாலும், ஒரே முகவரியில் இருபது ஆண்டுச் சான்று அவர் கையில் சேர்வதில்லை. ஏழையருள்ளும் ஏழையர் இவரே, சான்றற்றோரும் இவரே.

எண்ணுதலும் எண்ணப்படாமையும்

1950, 1957 ஆகிய ஆண்டுகளில் நகரெல்லை வடக்கே விரிந்தது. ஒருகாலத்து எல்லையாக இருந்த தாராவி, விரிந்த நகரத்தின் நடுவிடம் ஆயிற்று. மித்தி ஆற்றின் மறுகரையிற் பாந்திரா–குர்லா வணிக வளாகம் எழுந்தபின், அதன் நிலமதிப்பு மிகப் பெருகியது. 1971-இல் இறைச்சிக்கூடம் தேவநாருக்கு மாற்றப்பட்டது. பதனிடும் கூடங்கள் நாளடைவில் மறைந்தன. தோற்பொருள் செய்தல், தையல், மட்பாண்டம், கழிவுப்பொருள் பிரித்தல், உணவுப்பண்டம் ஆக்கல் ஆகியவை நிலைத்தன. இத்தொழில்களுட் பல வீட்டினுள்ளேயே நடைபெறுவன. ஆதலின் தாராவியில் மனையை இழப்போர் பிழைப்பையும் இழப்பர். 1966-இல் தோன்றிய சிவசேனை தென்னாட்டாரை எதிர்த்து இயக்கம் நடத்திய காலத்தும், 1992–93 கலவரக் காலத்தும் இன்னல் உற்றும் தமிழர் அவ்விடத்தை விட்டு நீங்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1985-இல் பிரதமர் இராசீவ் காந்தி பம்பாய்க்கு நூறு கோடி உரூபாய் நிதி அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அத்திட்டத்தின் பொருட்டு அரசு எடுத்த கணக்கு, வாழும் மக்களைப் பெரிதும் குறைத்துக் காட்டியதென மக்கள் ஐயுற்றனர். எனவே தேசியக் குடிசைவாழ்நர் கூட்டமைப்பு 1986-இல் தானே கணக்கெடுத்தது. ஏறத்தாழ 80 ஆயிரம் கட்டடங்களில் 5 இலட்சத்து 30 ஆயிரம் மக்கள் வாழ்வதாக அது கண்டது. அக்கூட்டமைப்பின் தலைவர் சோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழர். அவர் வாழ்ந்த சனதா குடியிருப்பு 1976-இல் இடிக்கப்பட்டது. எண்ணப்பட்டோரும் அகற்றப்படுவர் என்பதைப் பட்டறிந்தவராதலின், எண்ணுதலை மக்களே மேற்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார் எனக் கொள்ளுதல் தகும்.

1995-இல் வந்த குடிசை மறுவாழ்வுத் திட்டம், 1995 சனவரி முதல் நாளுக்கு முன் இருந்தார்க்கு 225 சதுர அடி வீட்டை விலையின்றி வழங்க முற்பட்டது. பின்னர் அவ்வெல்லைநாள் 2000 சனவரி முதல் நாளாயிற்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004-இல் ஏற்கப்பட்டு நெடுங்காலம் நின்றது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி உரூபாய் கேட்பில் அதனைப் பெற்றது. 2024-இல் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கியது. அத்திட்டத்தின்படி, 2000-க்கு முன் வந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி விலையின்றிக் கிடைக்கும். அதன்பின் 2011 சனவரி முதல் நாள் வரை வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை இலட்சம் உரூபாய் விலைக்குக் கிடைக்கும். அதற்கும் பின் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் வெளியிடத்தில் வாடகை அல்லது தவணை முறையே உண்டு. ஒரே சந்தில், ஒரே படிக்கட்டின் கீழும் மேலும் வாழ்ந்த இரு குடும்பங்கள் இவ்விதியால் இருவேறு ஊர்களுக்கு உரியவாகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தாராவி, நகரம் தள்ளிய தொழில்களாலும், நகரம் இடித்த வீடுகளாலும், நகரம் கட்டாத வீடுகளாலும் ஆகிய ஊர். ஆதலின் அதனைத் தற்செயலின் விளைவெனல் பொருந்தாது. அங்குள்ள பன்மைக் குடிவளம் தொழில்வழி வந்தது. தொழிலிடம் சிதையின் குடிவளமும் சிதையும். பட்டாவின் இடத்தை நாளும் சீட்டும் பெற்றமையால், நெடுநாள் உழைத்தும் சீட்டில்லாதார் உரிமையற்றார் ஆகின்றனர்.

சதுப்பை நிலமாக்கியோர்க்கு அந்நிலத்தில் உள்ள பங்கை ஒரு சீட்டின் நாள்கொண்டு மட்டும் அளத்தல் முறையாகுமா என்பது அரசறிவோர் எண்ணத்தக்கது. வரலாற்றாசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வழிபாட்டிடங்களின் நன்கொடைக் கணக்குகள், சங்கங்களின் குறிப்பேடுகள், சீட்டுக் கணக்குகள் ஆகியன தாராவித் தமிழர் வீடுகளிலும் நிறுவனங்களிலும் சிதறிக்கிடத்தல் கூடும். வீடுகள் இடிக்கப்படும் நாளில் அவையும் குப்பையாகும். கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காத்தவாறே இவற்றையும் படியெடுத்துக் காத்தல் வேண்டும். மன்னர் வரலாற்றிற்குக் கல் சான்றாயிற்று; இம்மக்களின் வரலாற்றிற்கு அழுக்கேறிய இத்தாள்களே சான்று.