ஒரே விலை, ஒரே சொல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அமைச்சர்கள் பதவியேற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சிலர் கடவுள் பெயரால் ஆணையிடுகிறார்கள். சிலர் உளமார உறுதி கூறுகிறார்கள். நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டுக்கும் இடம் தருகிறது. உறுதிமொழி என்பது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக வந்தது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் ஆங்கிலச் சட்டத்தில் அந்த வழி பிறந்ததற்குக் காரணம், கடவுளின் கட்டளையை அப்படியே கைக்கொள்ள வேண்டும் என்று நின்ற ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டம்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நெசவாளியின் மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ், செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர், இங்கிலாந்தில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். அவரோடு சேர்ந்தவர்கள் தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். ‘நடுங்குகிறவர்கள்’ என்ற பொருளில் மற்றவர்கள் கேலியாக வைத்த ‘குவேக்கர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மலைப்பிரசங்கத்தில் இயேசு, சத்தியமே செய்ய வேண்டாம், நம் ஆம் ஆமாகவும் இல்லை இல்லையாகவும் இருந்தால் போதும் என்று போதித்தார். நீதிமன்றச் சத்தியத்துக்கு இது பொருந்தாது என்று பெரும்பாலான சபைகள் விளக்கம் சொல்லிவிட்டன. குவேக்கர்கள் அதை ஏற்கவில்லை. கோர்ட்டில் மட்டும் சத்தியம் செய்து உண்மை பேசினால், வீட்டிலும் சந்தையிலும் பேசுவதற்கு வேறு அளவுகோல் என்று ஆகிவிடாதா என்று கேட்டார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. சத்தியம் செய்யாதவர் சாட்சி சொல்ல முடியாது. தமக்கு வர வேண்டிய கடனுக்கும் நிலத்துக்கும் வழக்காடுவதே பெரும்பாடு. 1662இல் சத்தியம் செய்ய மறுப்பதையே குற்றமாக்கி அவர்கள்மேல் ஒரு சட்டம் வந்தது. வேறு குற்றம் எதுவும் நிற்காதபோது, “அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்” என்று நீதிபதி சொன்னால் போதும், சிறைதான். மார்கரெட் ஃபெல் என்ற அம்மையார் ஒரு நீதிபதியின் விதவை. 1664இல் இதே காரணத்துக்காகச் சொத்துப் பறிமுதலும் சிறையும் என்று அவருக்குத் தீர்ப்பானது. 1668 வரை சிறையில் இருந்தார்.

கடைசியில் சட்டம்தான் வளைந்தது. 1696இல் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம் என்று நாடாளுமன்றம் அனுமதித்தது. அந்த வாசகத்திலும் கடவுள் பெயர் இருந்ததால், இதுவும் சத்தியம்தானே என்று அவர்களில் சிலர் மறுத்தார்கள். 1722இல் அதுவும் எளிமையாக்கப்பட்டது. 1833இல் ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் உறுதிமொழி மட்டும் சொல்லி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

இதே கட்டளை அவர்கள் கடைக்குள்ளும் நுழைந்தது. அன்று இங்கிலாந்தில் பேரம் பேசித்தான் வியாபாரம். பத்துக்குத் தர மனம் இருக்கும்போது பதினைந்து என்று சொல்வது பொய் என்றார்கள் குவேக்கர்கள். முதலில் சொல்வதுதான் கடைசி விலை. தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள். பிறகு, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்து திரும்பி வந்தார்கள். பார்க்லேஸ் வங்கியும் கேட்பரி சாக்லேட்டும் குவேக்கர் குடும்பங்களில் தொடங்கியவைதான். இதை வைத்துக் ‘கீழ்ப்படிந்தால் பணம் வரும்’ என்று யாரும் பிரசங்கம் பண்ணிவிட வேண்டாம். முதல் தலைமுறைக்கு வந்தது சிறைதான்.

அவர்கள் குறையில்லாதவர்களும் அல்லர். விலையில் பொய் சொல்ல அஞ்சிய அதே கூட்டத்தில், அமெரிக்காவில் மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஜான் வூல்மன் என்ற தையற்காரர் போன்றவர்கள் வீடு வீடாகச் சென்று, பல ஆண்டுகள் பொறுமையாகப் பேசினார்கள். 1776இல்தான் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை விடுவிக்காதவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தது. ஒரு கட்டளையைக் காப்பவருக்கு இன்னொன்று கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் கீழ்ப்படிதல் ஒருநாளில் முடிகிற வேலையாக இல்லை.

நம்மில் யாரும் இதற்காக இன்று சிறைக்குப் போகப்போவதில்லை. நமக்கு வருகிற சோதனைகள் சின்னவை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது பிள்ளையிடம் “அப்பா இல்லைன்னு சொல்லு” என்பது. வீட்டில் இருந்துகொண்டே போனில் “பாதி வழி வந்துட்டேன்” என்பது. செய்யாத செலவுக்கு ரசீது வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கட்டளைகளைக் கேட்டுவிட்டு வருகிற நாம், திங்கட்கிழமை காலையில் முதலில் மீறுவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். நம் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு மதத்து மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதையேதான் சொல்லி வளர்த்திருப்பார்கள். உங்கள் ஊரில் ‘இவர் சொன்னால் சொன்னதுதான்’ என்று பெயரெடுத்த கடைக்காரரோ பெரியவரோ இருந்தால், கீழே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.