சிறு தொழில்களுக்கான இணையவழித் தொலைபேசி அமைப்பு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

இணையவழித் தொலைபேசி அமைப்பு என்பது ஒரு கடையில் அல்லது பட்டறையில் உள்ள பல பேசிகளை இணைய இணைப்பின் மேல் ஒன்றாகக் கோர்த்து, வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ஒரே எண்ணில் வாங்கி உரியவரிடம் சேர்க்கும் ஏற்பாடு. பேசுபவரின் குரல் இலக்கமாக்கப்பட்டு, வழக்கமாக 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, தரவுப் பொட்டலங்களாகப் போய்ச் சேருகிறது. முன்பு இன்டர்காம் பெட்டி செய்துவந்த வேலையை இதில் மென்பொருள் செய்கிறது. அந்த மென்பொருள் கடையிலேயே ஒரு சிறு கணினியில் இருக்கலாம். சேவை நிறுவனத்தின் கணினியிலும் இருக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏறக்குறைய 12 கி.மீ. இடைவெளியில், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் அமைந்தவை. இரண்டுக்கும் எஸ்.டி.டி. குறியீடு ஒன்றே: 04563. ஒரே முதலாளி ஓர் ஊரில் கடையும் அடுத்த ஊரில் கிடங்கும் வைத்திருப்பது இங்கே அரிதல்ல. தொலைபேசித் துறையின் கணக்கில் இரண்டும் ஒரே உள்ளூர் என்பது அப்படிப்பட்டவருக்கு வசதி.

இங்குள்ள தொழில்கள் தொலைபேசியை நம்பி நடப்பவை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பின் வளர்ந்த நூற்பாலைகள், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள பால்கோவாக் கடைகள் எல்லாவற்றுக்கும் வெளியூர் வாடிக்கையாளர் உண்டு. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்துச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியருக்குக் கேட்பவருக்கு அந்த எண்தான் கடை.

எண் யாருடையது

புதிதாகத் தொலைபேசி அமைக்க நினைப்பவர் கருவி வாங்குவதற்கு முன் முடிவு செய்யவேண்டியது எண்ணைப் பற்றி. இன்று பெரும்பாலான கடைகளில் வியாபாரம் விற்பனைப் பையனின் கைப்பேசியிலும் அதிலுள்ள வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால், பத்து ஆண்டாக அழைத்துவந்த மொத்த வியாபாரிகளின் தொடர்பும் அவரோடு போய்விடுகிறது. எண் கடையின் பெயரில், கடையின் முகவரியில் இருக்கவேண்டும். இணையவழி அமைப்பால் சிறு தொழிலுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான். செலவு குறைவது அதற்கு அடுத்தபடி. ஊழியர் தம் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டு கடையின் எண்ணிலேயே பேசலாம். அவர் விலகும் நாளில் அந்தக் கணக்கை மூடினால் போதும். எண்ணும் அழைப்பு வரலாறும் கடையிலேயே தங்கும். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கையும் தனி ஊழியரின் எண்ணில் தொடங்காமல் கடை எண்ணில் தொடங்குவது இதே காரணத்தால் நல்லது.

பழைய எண்ணைக் காப்பாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. கைப்பேசி எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இந்தியாவில் இருக்கிறது. தரைவழி எண்ணுக்கு இல்லை. பலகையில் எழுதி, ரசீதில் அச்சடித்து, இரண்டு தலைமுறையாகப் புழங்கிய, 2இல் தொடங்கும் ஆறு இலக்க எண் பி.எஸ்.என்.எல்.லோடு கட்டுண்டது. ஆகவே அதைத் துண்டித்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போவது தவறான தொடக்கம். செம்புக் கம்பி இணைப்பை அதே எண்ணோடு ஃபைபருக்கு மாற்றித்தர பி.எஸ்.என்.எல்.லில் வழி இருக்கிறது. மாற்றிய பின் ஃபைபர் பெட்டியில் உள்ள தொலைபேசித் துளையில் பழைய பேசியைச் செருகிப் பேசுகிறோம். உண்மையில் அந்தக் குரல் அப்போதே இணைய நெறிமுறையில்தான் நிலையத்துக்குப் போகிறது. தெரியாமலேயே பல கடைகள் பாதி வழி வந்துவிட்டன.

எத்தனை அழைப்பு, எத்தனை தடம்

பழைய லைனில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான் நடக்கும். இரண்டாவதாக அழைப்பவருக்கு ‘பிஸி’. ஒரே நேரத்தில் பேச எத்தனை வழி, அதாவது எத்தனை தடம், இருந்தால் போதும் என்பதற்கு டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்தபோது 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயனில் இருக்கிறது. சிறு வியாபாரிக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு இத்துறையில் வேறில்லை.

பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 20 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் 3 நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடப் பேச்சு. ஒரு மணி நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சுதானே, ஒரு லைன் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை. எர்லாங் சூத்திரத்தின்படி ஒரே தடம் இருந்தால் அழைப்பவரில் இருவருக்கு ஒருவர் பிஸி கேட்பார். இரண்டு தடம் இருந்தால் ஐவரில் ஒருவர். மூன்றானால் பதினாறு பேரில் ஒருவர். நான்கானால் அறுபத்தைந்து பேரில் ஒருவர். ஆறேழு பேர் வேலை செய்யும் கடைக்கு நான்கு தடம் தாராளம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பால்கோவாக் கடையின் அழைப்பு இரட்டிப்பானால் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கவேண்டும்.

அலுவலகங்கள் முன்பு வாங்கிய பி.ஆர்.ஐ. இணைப்பு 30 தடங்களைக் கொண்டது. சிறு கடைக்கு அது வீண். எஸ்.ஐ.பி. டிரங்க் எனப்படும் இணையவழி இணைப்பில் ஒரே எண்ணுக்குத் தேவையான அளவு தடங்களை வாங்கலாம். பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், டாடா டெலி, ஜியோ ஆகியவை தருகின்றன. குறைந்தபட்சம் எத்தனை தடம் எடுக்கவேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்கவேண்டும்.

அமைக்கும் வழிகள்

எஸ்.ஐ.பி. என்பது அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை. முதல் தரம் 1999இலும் இன்று புழங்கும் தரம் 2002இலும் வெளியாயின. அதே 1999இல் அமெரிக்க இளைஞர் மார்க் ஸ்பென்சர், தம் சிறு லினக்ஸ் உதவி நிறுவனத்துக்கு ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற அலுவலகத் தொலைபேசிப் பெட்டி வாங்கக் கட்டுப்படியாகாததால் தாமே ஒரு மென்பொருள் எழுதினார். அதுதான் ஆஸ்டரிஸ்க். கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து உலகெங்கும் பரவிய அதன் பிறப்புக்குக் காரணமே ஒரு சிறு தொழிலின் தேவைதான். அதன் மேல் கட்டிய ஃப்ரீபிபிஎக்ஸை உலாவிப் பக்கத்திலேயே இயக்கலாம். பத்துப் பேர் உள்ள கடைக்கு ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினியே தாங்கும். பார்த்துக்கொள்ள உள்ளூரில் லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் இந்த வழியில் இறங்கக்கூடாது. மென்பொருள் இலவசம், அது படுத்துவிட்ட ஒரு நாளின் நட்டம் இலவசமல்ல.

அந்தத் தொல்லை வேண்டாதவருக்கு வதோதராவின் மேட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் ஆயத்தப் பெட்டி உண்டு. பழைய தரைவழி லைனையும் புதிய இணையத் தடத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வகை இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்குப் பொருத்தமானது இந்தக் கலப்பு வகையே. பழைய எண் அப்படியே இருக்கும். அதற்கு வரும் அழைப்பு பெட்டிக்குள் நுழைந்து, மேசைப் பேசிக்கோ கிடங்கில் இருப்பவரின் செயலிக்கோ போகும்.

மூன்றாவது வழி மேகத் தொலைபேசி. எக்ஸோடெல், மைஆபரேட்டர் போன்றவை ஓர் எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் அழைப்பை ஊழியர்களின் கைப்பேசிகளுக்குத் திருப்பிவிடுகின்றன. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஸோஹோவும் ஸோஹோ வாய்ஸ் என்ற சேவையைத் தருகிறது. கம்பி இழுக்கவேண்டியதில்லை, மறுநாளே வேலை தொடங்கலாம். மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை கட்டவேண்டும். எண் அந்த நிறுவனத்தின் வழியாக வந்தது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இணைப்பும் மின்சாரமும்

ஜி.711 என்ற தெளிவான குரல்முறையில் ஒரு பேச்சுக்குப் போகவும் வரவும் தனித்தனியே நொடிக்கு 90 கிலோபிட் வரை போதும். ஐந்து பேச்சு சேர்ந்தாலும் அரை மெகாபிட்டைத் தாண்டாது. எந்த ஃபைபர் திட்டத்துக்கும் இது பாரமில்லை. குரல் கெடுவதற்குக் காரணம் வேகக்குறைவு அல்ல. பொட்டலங்கள் சீராக வராமல் முன்னும் பின்னுமாக வருவது. கண்காணிப்புக் கேமரா படத்தை மேலேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் குரல் அறுபடுவது இதனால்தான். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற அமைப்பை அணைத்துவைத்தால் பாதிப் புகார் தீரும். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழ 150 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மேசைப் பேசிகளை வைஃபையில் விடாமல் கம்பியில் இணைப்பது நல்லது.

செம்புக் கம்பிப் பேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே, 48 வோல்ட்டில், லைன் வழியாக வந்தது. ஊர் முழுக்க மின்தடை என்றாலும் மணி அடித்தது. ஃபைபர் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தும் நாட்கள் இங்கே வழக்கம். ஆதலால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், தொலைபேசிப் பெட்டி ஆகிய நான்கையும் இன்வெர்ட்டரில் சேர்க்கவேண்டும். பேசிகளுக்கு வலைக் கம்பி வழியே மின்சாரம் தரும் ஸ்விட்ச் வாங்கினால் அவையும் தப்பிக்கும். இன்னொரு பக்கம், ஐப்பசி இடிமழையில் செம்புக் கம்பி வழியே மின்னல் வந்து பெட்டியை எரிக்கும் ஆபத்து கண்ணாடி இழையில் இல்லை. மாற்றுக்கு ஒரு 4ஜி சிம் வைத்திருப்பது சரி. ஆனால் ஆடிப்பூரத் தேரோட்டம் போன்ற பெருங்கூட்ட நாளில் கைப்பேசிக் கோபுரத்தை மட்டும் நம்பக்கூடாது.

உள் எண்களை வைப்பது

பொருத்துபவர்கள் பழக்கத்தில் உள் எண்களை 101, 102 என்று தொடங்கிவிடுகிறார்கள். 100 காவல், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். பஞ்சும் துணியும் அடுக்கிய கிடங்கில் ஒருவர் பதறி 101ஐ அழுத்தும்போது கணக்குப்பிள்ளையின் மேசையில் மணி அடித்தால் என்ன ஆகும்? 1இல் தொடங்கும் எதையும் உள் எண்ணாக வைக்கவே கூடாது. 2உம் வேண்டாம், உள்ளூர் எண்கள் அதில் தொடங்குவதால், 201ஐ அழுத்திய பின்னும் இலக்கம் தொடருமோ என்று பெட்டி சில நொடி காத்திருக்கும். 5இல் தொடங்குவது நிம்மதி. அமைப்பு முடிந்த அன்றே அவசர எண்கள் வெளியே போகின்றனவா என்று பார்த்துவிடவேண்டும்.

15.01.2021 முதல் தரைவழிப் பேசியிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்ப்பது கட்டாயம். வெளி லைன் பிடிக்கவும் 0 என்று வைத்திருக்கும் கடையில் இரண்டு முறை 0 அழுத்தவேண்டிவரும். ஊழியர் ஒன்றை மறந்து, அழைப்பு போகவில்லை என்பார். இந்தச் சேர்க்கையைப் பெட்டியே செய்துகொள்ளும்படி அமைக்கலாம்.

சட்டம்

இந்தியாவில் இணையவழிப் பேச்சு 01.04.2002 அன்று ஓரளவுக்கு அனுமதிக்கப்பட்டது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசிக்குக் கூடாது. வளைகுடாவில் இருந்த உறவினரோடு நெட் சென்டரில் உட்கார்ந்து பேசியது அக்காலம். 2018இல் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் தெளிவாக்கியபின் உள்நாட்டு எண்களுக்கும் வழி திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். இணையவழிப் பேச்சுக்கான விங்ஸ் செயலியை அறிவித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையும் ராஜபாளையம் கிடங்கும் தமக்குள் இணையம் வழியே பேசிக்கொள்வதில் தடையில்லை. பொதுத் தொலைபேசி அழைப்பை ஓர் ஊரில் வாங்கி இணையத்தில் கடத்தி இன்னோர் ஊரில் இறக்கி, கட்டணத்தைத் தவிர்ப்பதே குற்றம். வெளி அழைப்பைக் கிளைக்குத் திருப்பும் ஏற்பாடு எதற்கும் உரிமம் பெற்ற சேவை நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளவேண்டும். மலிவான ஐ.எஸ்.டி. என்று சொல்லிப் பல சிம்களில் அழைப்பைக் கடத்தும் சிம் பெட்டி பொருத்த இடம் கேட்பவரைக் கடைக்குள் விடக்கூடாது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. விளம்பரத்துக்காகக் கடை எண்ணிலிருந்து வரிசையாக அழைப்பதும் ஆபத்து. புகார் வந்தால் எண்ணையே துண்டிப்பார்கள். விளம்பர அழைப்புக்கு 140இல் தொடங்கும் பதிவுபெற்ற எண்கள் உள்ளன.

திருட்டு வேறொரு வகையிலும் வரும். இணையத்தில் 5060ஆம் வாயிலைத் திறந்துவைத்த பெட்டியைத் தானியங்கி நிரல்கள் தேடி அலைகின்றன. 1234 என்ற கடவுச்சொல்லோடு ஓர் உள் எண் கிடைத்தால், கடை பூட்டிய பின் இரவெல்லாம் அதிலிருந்து அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போகும். மறுமாதப் பில்லில்தான் தெரியவரும். வெளியிலிருந்து இணையும் ஊழியர்களை வி.பி.என். வழியாக மட்டும் விடுவது, நீண்ட கடவுச்சொல் வைப்பது, தவறாக முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற நிரலை ஓடவிடுவது ஆகிய மூன்றும் தேவை. பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்பவர் நீங்கலாக மற்றக் கடைகள் ஐ.எஸ்.டி.யைச் சேவை நிறுவனத்திடமே எழுதிக்கொடுத்து அடைத்துவிடவேண்டும். பெட்டியில் மட்டும் அடைப்பது போதாது.